கையெழுத்துக்கு முன்பான பேச்சு

வெளிநாட்டில் இனித் தங்க முடியாது என்ற நிலைக்கு வந்த ஒருவர், நாடு திரும்ப உதவி கேட்டுப் போனால் கடைசியில் அவர் முன் ஒரு படிவம் வைக்கப்படும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொந்த விருப்பத்தில் திரும்புகிறேன் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். கீழே கையெழுத்து. அந்த வரி மெய்யா பொய்யா என்பதைக் கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு முன் நடந்த பேச்சை வைத்துத்தான் சொல்ல முடியும். எத்தனை முறை பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள், பேசியவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வர இவருக்கு வழி இருந்ததா?

அந்தப் பேச்சுக்குத் திரும்புகை ஆலோசனை என்று பெயர். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் உதவியை மறுஒருங்கிணைப்பு என்கிறார்கள். நாக்கில் ஒட்டாத சொல்தான். விட்டுப்போன இடத்தில் மறுபடி காலூன்றுவது என்று எடுத்துக்கொண்டால் போதும். செய்திகளில் இவை இரண்டும் வருவதில்லை, தொகைதான் வருகிறது. இன்ன நாடு இவ்வளவு கொடுத்து அனுப்புகிறது, இன்ன நாடு அதை இவ்வளவாக உயர்த்தியிருக்கிறது என்று.

பணம் கொடுத்து வழியனுப்பும் யோசனை பழையது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மேற்கு ஐரோப்பிய ஆலைகள் ஆட்குறைப்பில் இறங்கின. ஒப்பந்தம் போட்டு வரவழைத்த தொழிலாளிகள் ஒரே நாளில் வேண்டாதவர்கள் ஆனார்கள். 1977-ல் பிரான்ஸ், திரும்பிப் போகச் சம்மதிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 10,000 பிராங்க் தருவதாக அறிவித்தது. பழைய பிராங்க் கணக்கில் அது பத்து லட்சம். திட்டத்துக்குப் பொறுப்பான லியோனல் ஸ்டோலேருவின் பெயரைச் சேர்த்து ‘ஸ்டோலேரு மில்லியன்’ என்று மக்கள் அதை அழைத்தார்கள். அரசு மனத்தில் வைத்திருந்தது வட ஆப்பிரிக்கர்களை. வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின்காரர்களும் போர்ச்சுகீசியர்களும். அந்த இரண்டு நாடுகளிலும் அப்போதுதான் சர்வாதிகாரம் முடிந்திருந்தது. ஊருக்குப் போக அவர்களுக்கு ஏற்கெனவே காரணம் இருந்தது, பணம் வழிச்செலவுக்கு உதவியது. எந்த நாட்டின் திரும்புகைத் திட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 1977 கதைதான்.

மேற்கு ஜெர்மனி 1983 நவம்பரில் தனிச் சட்டமே போட்டது. வேலையிழந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 10,500 மார்க், குழந்தை ஒன்றுக்கு மேற்கொண்டு 1,500 மார்க். ஓய்வூதியத்துக்குத் தான் கட்டிய பங்கையும் காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளி கட்டிய பங்கு அங்கேயே நின்றுவிடும், ஓய்வூதிய உரிமையும் அதோடு போய்விடும். கையில் வரும் தொகை கண்ணுக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து வராமல் போகும் தொகை தெரியாது. அந்தக் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகப் போட்டுக் காட்டியிருந்தால் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்?

திரும்பியவர்களில் துருக்கியர்கள் அதிகம். ஜெர்மனியில் வெளிநாட்டவராக இருந்தவர்கள் துருக்கியில் ‘அல்மான்ஜி’ ஆனார்கள். ஜெர்மனிக்காரன் என்பது பொருள், கிண்டலும் பொறாமையும் கலந்த பொருள். பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். ஜெர்மன் மொழியில் படித்து வளர்ந்தவர்கள் பெற்றோரின் மொழியில் பரீட்சை எழுதத் திணறினார்கள். ‘திரும்புதல்’ என்ற சொல்லே அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்கள் முதல் முறையாக ஒரு வெளிநாட்டுக்குப் போனார்கள்.

2008 நெருக்கடியில் ஸ்பெயின் வேறொரு கணக்குப் போட்டது. வேலையிழப்பு உதவித்தொகையில் 40 சதவீதம் ஸ்பெயினிலேயே, மீதி 60 சதவீதம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு. பதிலுக்கு மூன்று வருடம் திரும்பி வரக் கூடாது. அரசு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களே முன்வந்தார்கள். 2009-ல் ஜப்பான், பிரேசிலிலிருந்தும் பெருவிலிருந்தும் வந்திருந்த ஜப்பானிய வம்சாவளித் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு 3 லட்சம் யென், குடும்பத்தினருக்குத் தலா 2 லட்சம் யென் கொடுத்தது. அதே வகை விசாவில் மறுபடி வர முடியாது என்ற நிபந்தனையால் அது பெரிய சர்ச்சையானது. வேலை போனவன் ஊருக்குப் போய் நிலைமை சரியானதும் வரலாம் என்று நினைப்பான். கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு கொடுக்கும் பணம் அந்த நினைப்பைப் பயமாக மாற்றிவிடுகிறது.

இப்போது தொகைகள் இன்னும் துணிச்சலாகிவிட்டன. ஸ்வீடன், தங்கும் உரிமை பெற்றவர்கள் நாடு திரும்பினால் தரும் மானியத்தை 10,000 குரோனாவிலிருந்து 3,50,000 குரோனாவாக 2026 ஜனவரி முதல் உயர்த்துவதாக 2024-ல் அறிவித்தது. அமெரிக்கா 2025 மே மாதம், செல்போன் செயலியில் பதிவு செய்து தானாக வெளியேறுபவர்களுக்கு 1,000 டாலர் அறிவித்தது. பதிவும் புறப்பாட்டை உறுதிசெய்வதும் செயலியிலேயே முடிகின்றன. எதிரில் உட்கார்ந்து ‘உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, போனால் எதை இழப்பீர்கள்’ என்று கேட்க அந்த வழியில் ஆள் இல்லை.

விருப்பம் என்ற சொல்லுக்கு வருவோம்.

நாடு திரும்புவது உரிமை. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அகதிகளைப் பொறுத்தவரை இன்னொரு காப்பும் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-வது பிரிவு, ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவதைத் தடுக்கிறது. 1969-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு கொண்டுவந்த அகதிகள் உடன்படிக்கை, விருப்பமில்லாத அகதியை அனுப்பக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஆக சட்டப் புத்தகத்தில் விருப்பத்துக்குக் குறைவில்லை.

நடப்பில் அந்த ஒரே படிவத்தில் மூன்று விதமானவர்கள் கையெழுத்திடுகிறார்கள். ஒருவருக்கு வேலை, தங்கும் அனுமதி எல்லாம் இருக்கிறது. தாய்க்கு உடம்பு சரியில்லை, போகிறார். இன்னொருவரின் புகலிட மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. தானாகக் கிளம்ப அவருக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் கொண்டுவந்த திரும்புகை ஆணை இந்தக் கெடுவை 7 முதல் 30 நாள் என்று வைத்தது. கெடு தாண்டினால் பிடித்து ஏற்றுவார்கள், திரும்ப நுழையத் தடையும் விழும், அந்தத் தடை ஐந்து வருடம் வரை போகலாம். மூன்றாமவர் தடுப்பு முகாமில் இருக்கிறார். அவருக்கு வெளியே போகும் கதவு ஒன்றுதான், அது விமானத்தின் கதவு. முதலாமவரின் விருப்பமும் மூன்றாமவரின் விருப்பமும் புள்ளிவிவரத்தில் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

இது லிபியாவில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2017 நவம்பரில் அங்கே ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோரை ஏலம் விடும் காட்சி வெளியாகி உலகமே அதிர்ந்தது. ஆப்பிரிக்க ஒன்றியமும் ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா.வும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்து, முகாம்களில் சிக்கியவர்களை விமானம் விமானமாக ஊர் சேர்த்தன. பலருக்கு அது உயிர்ப்பிச்சை, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, லிபியாவிலிருந்து திரும்பிய பலருக்கு வேறு வழியே இருக்கவில்லை, அதைச் சுதந்திரமான சம்மதம் என்று கொள்ள முடியாது என்றது. சித்திரவதைக்கும் விமானத்துக்கும் இடையில் விமானத்தைத் தேர்ந்தவனிடம் விருப்பம் கேட்பது வெறும் சடங்குதான்.

அப்படியானால் ‘தன்விருப்பம்’ முழுக்கப் பொய், மென்மையான நாடுகடத்தலுக்குப் பூசிய வண்ணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளலாமா? நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். போலீஸ் இருவர் நடுவே விலங்கோடு இறங்குவதற்கும், சாதாரணப் பயணியாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்கும் ஊர் பார்க்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. நெருக்கடிக்குள்ளும் கொஞ்சம் இடம் இருக்கிறது. எப்போது போவது, எதை முடித்துவிட்டுப் போவது, யாரிடம் முன்கூட்டிச் சொல்வது, போய் என்ன செய்வது என்பதில் எல்லாம் தேர்வு இருக்கிறது. அந்த இடத்தை ஆலோசனையால் அகலமாக்கவும் முடியும், இல்லாமலே செய்துவிடவும் முடியும்.

நல்ல ஆலோசனை எப்படி இருக்கும்? ஜெர்மன் சமூகப்பணி வட்டாரத்தில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘எர்கேப்னிஸோஃபன்’. முடிவைத் திறந்து வைத்த பேச்சு என்று சொல்லலாம். வந்தவர் போக முடிவு செய்தாலும் சரி, இருக்க முடிவு செய்தாலும் சரி, ஆலோசகர் தோற்றுப்போனதாக ஆகக் கூடாது. காரித்தாஸ், டியாகோனி போன்ற தொண்டு அமைப்புகள் அங்கே இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. ஆலோசனை முடிந்து ‘நீங்கள் இப்போது போகாமல் இருப்பதுதான் நல்லது, முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவதும் வேலையின் ஒரு பகுதிதான்.

அரசு அதிகாரியே இந்த நாற்காலியில் உட்காரும்போது சிக்கல் வருகிறது. பிரிட்டனில் 2015 முடியும்வரை இந்தத் திட்டத்தை ஒரு தொண்டு அமைப்பு நடத்திவந்தது. 2016 முதல் உள்துறையே எடுத்துக்கொண்டது. ஆஸ்திரியா 2021 ஜனவரி முதல் திரும்புகை ஆலோசனையையும், புகலிடம் கேட்பவர்களுக்கான சட்ட ஆலோசனையையும் ஒரே அரசு நிறுவனத்திடம் கொடுத்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். மனுவை நிராகரித்த அதே அரசின் முத்திரை போட்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம், தன் பயத்தை எவர் திறந்து சொல்வார்? ‘இந்த மாதம் எத்தனை பேரை அனுப்பினீர்கள்’ என்று மேலிடம் கேட்கும் அலுவலகத்தில் முடிவைத் திறந்து வைத்த பேச்சு அதிக நாள் தாங்காது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்டு அமைப்புக்கும் நிதி அந்த அரசிடமிருந்துதான் வருகிறது. எவ்வளவு சுதந்திரம் என்பது ஒப்பந்தத்தில் எதை அளவாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டியவற்றில் சட்ட விவகாரம் முதலாவது. பல நாடுகளில், திரும்பும் உதவி வேண்டுமென்றால் நிலுவையில் உள்ள புகலிட மனுவைத் திரும்பப் பெற வேண்டும். அது சாதாரணக் கையெழுத்து அல்ல, வழக்கை மூடும் கையெழுத்து. அதை ஊன்றிச் சொல்ல வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும், மனம் மாறினால் விமானம் ஏறும்வரை விலகிக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தது பாஸ்போர்ட். பலரிடம் அது இருக்காது. தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் வாங்க வேண்டும். தூதரகத்தின் கண்ணில் படவே பயப்படுகிறவர் என்றால், அந்தப் பயமே ஆலோசகருக்கு ஒரு தகவல். இந்த மனிதர் திரும்புவது பாதுகாப்பானதா என்ற கேள்வியை அங்கே நிறுத்திக் கேட்டாக வேண்டும். கடத்தல்காரர்களிடம் சிக்கி வந்தவர்கள், தனியாக வந்த சிறார்கள், தினமும் மருந்து எடுத்தாக வேண்டிய நோயாளிகள் ஆகியோருக்குத் தனித்தனி விசாரணை உண்டு. இங்கே கிடைக்கும் மருந்து அங்கே கிடைக்குமா, கிடைத்தாலும் வாங்கக் கட்டுப்படியாகுமா? சிறாரைப் பொறுத்தவரை அழைத்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த ஆளிடம் போவது குழந்தைக்கு நல்லதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் கையேடுகளில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டாலும் பேச்சில் வராமல் நழுவும் விஷயம் ஒன்று உண்டு. அது கடன்.

வெளிநாடு போனவர் தனியாகப் போவதில்லை. வீடு அடமானத்தில், நகை வட்டிக்கடையில், அக்காவின் திருமணத்துக்கு வைத்த பணம் ஏஜெண்ட் கையில் என்று ஒரு குடும்பமே அவரோடு பயணம் செய்திருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு இவர் வெளிநாட்டில் இருக்கும்வரை நம்பிக்கை, விமான நிலையத்தில் இறங்கிய மறுநாள் அந்த நம்பிக்கை போய்விடும். அதுவரை மாதாமாதம் கேட்டவர் மொத்தமாகக் கேட்பார். திரும்புகை உதவியின் கணக்கில் கடனுக்கென்று ஒரு வரி கிடையாது. தொழில் தொடங்க உதவி, படிப்புக்கு உதவி, வாடகைக்கு உதவி எல்லாம் உண்டு. கடனை அடைக்கப் பொதுப்பணத்தைத் தர எந்த நாட்டுக்கும் மனம் வராது, கடத்தல்காரருக்கே அந்தப் பணம் போய்ச் சேரும் என்ற வாதமும் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடனைப் பற்றிப் பேசாமல் போட்ட தொழில் திட்டம் தாளோடு நிற்கும். கொடுத்த தையல் இயந்திரம் மூன்றாம் மாதம் விற்பனைக்கு வந்தால் அதற்குக் காரணம் சோம்பல் இல்லை.

கடனுக்குப் பக்கத்திலேயே வெட்கம் நிற்கிறது. ஜெயித்துத் திரும்புகிறவருக்கு ஊர்கள் தனிப்பெயர் வைத்திருக்கின்றன. கானாவில் ‘பர்கர்’ என்பார்கள், ஹாம்பர்கிலிருந்து வந்த சொல். பை நிறையக் கொண்டுவந்து இறக்குகிறவர் என்று அர்த்தம். வெறுங்கையோடு வருகிறவருக்கு அப்படி ஒரு பெயர் இல்லை, கேள்விகள்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் அங்கேயே இருக்கிறானே, நீ மட்டும் ஏன்? சிலர் சொந்த ஊருக்குப் போகாமல் தலைநகரிலேயே தங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குச் சொல்லாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருப்பவர்களும் உண்டு. பெண்களிடம் ஊர் வேறொரு கணக்கும் கேட்கிறது: அங்கே என்ன வேலை பார்த்தாய், யாரோடு இருந்தாய்? வழியில் நடந்த வன்முறையைச் சொல்ல வாயே வராது. இதற்கு உளவளத்துணை தேவை என்று எல்லாத் திட்டங்களும் சொல்கின்றன. மனநல மருத்துவர்கள் தலைநகரில் மட்டுமே இருக்கும் நாடுகளில் அது பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் உருப்படியாக நடப்பது பல சமயம் திரும்பியவர்கள் தங்களுக்குள் கூடுவதுதான். லிபியச் சிறைகளிலிருந்து காம்பியா திரும்பிய இளைஞர்கள் 2017-ல் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒழுங்கற்ற புலம்பெயர்வுக்கு எதிரான இளைஞர்கள் என்பது அதன் பெயர். பாலைவனம் வழியாகப் போனால் என்ன நடக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அதன் பிரசாரம் எவ்வளவு பேரைத் தடுத்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘தோற்று வந்தவன்’ என்ற பெயரை ‘தெரிந்து வந்தவன்’ என்று மாற்றிக்கொள்ள அது ஒரு மேடை கொடுத்தது.

சரி, உதவி எந்த வடிவில் வருகிறது? ஐ.ஓ.எம். என்று அறியப்படும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு 1951-ல் தொடங்கப்பட்டது. தன்விருப்பத் திரும்புகைக்கு உதவும் வேலையை அது 1979-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தது. 2016-ல், அதுவரை இல்லாத அளவாக, அது 98,403 பேருக்கு உதவியது, அதில் பாதிக்கும் மேல், சுமார் 54,000 பேர், ஜெர்மனியிலிருந்து போனவர்கள். ஐரோப்பாவில் இப்போது எல்லைக்காவல் முகமையான ஃபிரான்டெக்ஸும் இந்த வேலைக்குள் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் முதல் அது நடத்தும் திட்டத்தில், இறங்கிய உடனான தேவைக்கு 615 யூரோ மதிப்புள்ள உதவி, அதன் பிறகு காலூன்றத் தன்விருப்பமாகத் திரும்புகிறவருக்கு 2,000 யூரோ, கூட வரும் குடும்பத்தினருக்குத் தலா 1,000 யூரோ என்று வைத்தார்கள். பிடித்து அனுப்பப்பட்டவருக்கும் 1,000 யூரோ உண்டு. எல்லையில் தடுப்பவரும் ஊரில் தொழில் வைத்துக் கொடுப்பவரும் ஒரே முகமை என்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இந்தத் தொகையில் பெரும்பகுதி ரொக்கமாகக் கைக்கு வராது, பொருளாகவோ சேவையாகவோ வரும். ரொக்கம் கொடுத்தால் அதை வைத்து மறுபடி கிளம்பிவிடுவார் என்று கொடுப்பவருக்கு அச்சம், தணிக்கைக்கு ரசீது வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கிறது. இதனால் நடப்பது என்னவென்றால், கடை வைக்க நினைப்பவர் திட்டம் எழுத வேண்டும், விலைப்பட்டியல்கள் வாங்கித் தர வேண்டும், அலுவலகம் சரிபார்க்க வேண்டும், விற்பவருக்கு நேரடியாகப் பணம் போக வேண்டும். இதற்குள் மாதங்கள் ஓடிவிடும். திரும்பியவரின் கை காலியாக இருப்பது முதல் சில வாரங்களில், உதவி வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வாரங்கள் முடிந்த பிறகு. இன்னொரு குறையும் இருக்கிறது. எல்லாருக்கும் சிறுதொழில் என்ற ஒரே மருந்து. வியாபாரம் செய்தே பழக்கமில்லாதவரும் பெட்டிக்கடை வைக்கிறார். ஒரே தெருவில் திரும்பி வந்தவர்களின் கடை மூன்று இருந்தால் மூன்றுமே நொடித்துப்போகும். கட்டடத் தொழிலாளியாக இருந்தவருக்குக் கடையைவிட, அங்கே கற்ற வேலைக்கு ஒரு சான்றிதழும் நல்ல மேஸ்திரி ஒருவரின் அறிமுகமும் அதிகம் உதவலாம்.

புறப்படுவதற்கு முந்தைய பேச்சு இங்கேதான் பலன் தருகிறது. ஆயத்தம் என்பதை வைத்துத் திரும்புகையைப் புரிந்துகொள்ள முயன்றவர் ஆய்வாளர் ஜான் பியர் கஸரினோ. 2004-ல் அவர் எழுதிய கட்டுரையில், திரும்பும் மனமும் திரும்பும் தயார்நிலையும் வேறுவேறு என்றார். மனம் இருந்தாலும், பணமோ தொடர்புகளோ தகவலோ திரட்ட அவகாசம் கிடைக்காதவர் தயாராகியிருக்க மாட்டார். 30 நாள் கெடுவில் இருப்பவர் எதைத் திரட்டுவார்? அதனால்தான் சொந்த நாட்டில் உள்ள அலுவலரோடு காணொளியில் முன்கூட்டியே பேசவைக்கும் முயற்சிகள் நடந்தன. எந்தத் தொழில் அங்கே ஓடும், மகளின் பள்ளிச் சான்றிதழை ஏற்பார்களா, விமான நிலையத்துக்கு யார் வருவார் என்பதையெல்லாம் முகம் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். அகதிகள் கூட்டமாகத் திரும்பும்போது, முதலில் சிலர் போய்ப் பார்த்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. போரின் பின் போஸ்னியாவிலும் அது நடந்தது. புகலிடம் மறுக்கப்பட்ட தனிமனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. போனால் போனதுதான்.

முன்பேச்சே இல்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியா உதாரணம். 2013 நவம்பர் முதல் சில மாதங்களில் சவுதி அரேபியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டு அடிஸ் அபாபாவில் இறங்கினார்கள். இது விருப்பத் திரும்புகையே அல்ல. ஆனால் வந்தவரை வாங்கிக்கொள்ளும் நாட்டின் பக்கம் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்பதை அது காட்டியது. சாப்பாடும் படுக்கையும் ஊருக்குப் பஸ் செலவும் கொடுக்கவே எல்லாச் சக்தியும் சரியாகப் போயிற்று. ஒழுங்காக ஏற்பாடு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. பிலிப்பைன்ஸ், தன் கடல்கடந்த தொழிலாளிகளிடம் சந்தா வாங்கி நல நிதி வைத்திருக்கிறது, திரும்பியவர்களுக்கென்றே தனித் தேசிய மையமும் நடத்துகிறது. நெருக்கடியில் திரும்பியவருக்கு 20,000 பெசோ வரை தொழில் உதவி தரும் திட்டம் அங்கே உண்டு. போகும் நாளிலேயே திரும்பும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அமைப்பு அது. அனுப்பும் நாடு கொடுக்கும் தொகையைவிட, வாங்கிக்கொள்ளும் நாட்டில் அப்படியொரு கதவு திறந்திருப்பதுதான் நீண்ட நாளைக்கு நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஊரில் இன்னொரு முணுமுணுப்பும் கேட்கும். ‘சட்டத்தை மீறிப் போனவனுக்குக் கடை வைத்துக் கொடுக்கிறார்கள், ஊரிலேயே கிடந்து உழைத்த எனக்கு ஒன்றுமில்லை.’ கேட்பவர் சொல்வதில் தப்பில்லை. 2018 டிசம்பரில் மராகேஷில் ஏற்கப்பட்ட புலம்பெயர்வு உலக ஒப்பந்தத்தின் 21-வது நோக்கம், திரும்புகிறவரைப் பற்றிப் பேசும்போது அவர் போய்ச் சேரும் ஊரின் தேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. இதன்படி சில இடங்களில் திரும்பியவர்களையும் ஊராரையும் கலந்து வைத்து, கிணறோ பட்டறையோ பொதுவில் அமைத்துக் கொடுக்கிறார்கள். தனிமனிதருக்குக் கொடுத்த பையைவிட இது மெதுவாக நடக்கும், ஆனால் முணுமுணுப்பை அடக்கும்.

இத்தனைக்கும் பிறகு, காலூன்றிவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? மறுபடி வெளிநாடு போகாமல் இருந்தால் வெற்றி என்பதே நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. 2017-ல் ஐ.ஓ.எம். இதை மாற்றி எழுதியது. சொந்தக் காலில் நிற்கும் வருமானம், ஊரோடு ஒட்டிய வாழ்க்கை, மனநலம் ஆகிய மூன்றும் இருந்து, மறுபடி போவதானாலும் அது நிர்ப்பந்தமாக இல்லாமல் தேர்வாக இருந்தால் போதும் என்றது. நல்ல வரையறை. போவதையே தோல்வி ஆக்காத வரையறை. இதை அளக்க ஒரு கேள்வித்தாளும் உருவாக்கினார்கள். கடன் இருக்கிறதா, அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்குமா, விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறார்களா, இரவில் தூக்கம் வருகிறதா என்கிற மாதிரியான கேள்விகள். பதில்களைச் சேர்த்து 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு மதிப்பெண் வரும்.

கேள்விகளைப் பெரும்பாலும் போனில்தான் கேட்கிறார்கள், திரும்பிச் சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ. எடுத்துப் பேசுகிறவர் அநேகமாக ஊரில் இருப்பவர், அதே எண்ணை வைத்திருப்பவர், அலுவலகத்தோடு பேச இன்னும் விருப்பம் உள்ளவர். கடன்காரருக்குப் பயந்து சிம் மாற்றியவர் அந்த மதிப்பெண்ணில் இல்லை. இரண்டாம் முறை பாலைவனம் ஏறியவரும் இல்லை. அழைத்த ஊழியர் மூன்று முறை முயன்றுவிட்டு, ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு அடுத்த எண்ணுக்குப் போகிறார்.